குளிர்காலத்துக்கு எந்த பீர்?

நம்ம ஊரில் பீர் என்றாலே "சில்லுனு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. வெயில், வியர்வை, பாட்டில் மேல் வழிகிற தண்ணீர் என்றுதான் நமக்கு பீர் மனதில் பதிந்திருக்கிறது. அதனால் ஜெர்மனிக்குப் படிக்க வந்து பாம்பெர்க் நகரத்தில் முதல் டிசம்பரைப் பார்த்தபோது, வெளியே மைனஸ் ஆறு டிகிரியில் இவர்கள் எதற்கு பீர் குடிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. கீழ்வீட்டுப் பெரியவர் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு பாட்டிலைத் திறந்தார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கவில்லை, ஜன்னல் ஓரத்திலிருந்து எடுத்தார். கருஞ்சிவப்பு நிறம். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் விறகடுப்பு வாசனை. முதல் வாய் பிடிக்கவில்லை. மூன்றாவது வாயில் "அட!" என்று இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியது இந்தக் குறிப்பெடுக்கும் பழக்கம். ஒவ்வொரு குளிர்காலமும் நோட்டில் கொஞ்சம் சேரும். அதையெல்லாம் தொகுத்து எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் எந்த பீர் என்று போவதற்கு முன்னால் ஒரு விஷயத்தைப் பேசியாக வேண்டும். இதில் தப்புப் பண்ணினால் மீதி எல்லாமே தப்பாகிவிடும்.

குளிருக்குக் குடித்தால் உடம்பு சூடாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆகாது.

என்னோடு ஒரே வீட்டில் இருந்த நண்பன், திருநெல்வேலிக்காரன், இரண்டாவது வருடம் ஜனவரியில் ஒரு இரவு மூன்று ஸ்ட்ராங் பீர் குடித்துவிட்டு, "மச்சி, உள்ளே ஹீட்டர் போட்ட மாதிரி இருக்குடா" என்று ஜாக்கெட்டைக் கையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினான். பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தவன் அப்படியே தூங்கிவிட்டான். கடைசி பஸ் ஓட்டிக்கொண்டு வந்தவர் பார்த்து எழுப்பி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டதால் பிழைத்தான். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. இடது கையில் இரண்டு விரல் நுனியில் இன்றைக்கும் உணர்ச்சி குறைவு. நான் அன்றைக்கு அவன் கூடப் போயிருக்கலாம். "பக்கத்துலதானே" என்று விட்டுவிட்டேன்.

என்ன நடக்கிறது என்றால், ஆல்கஹால் தோலுக்கு அடியில் இருக்கிற ரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. குளிரில் அந்தக் குழாய்களைச் சுருக்கி, சூட்டை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் பக்கத்தில் பிடித்து வைப்பதுதான் உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. குடித்தவுடன் சூடான ரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது. சூடு, குளிர் தெரிகிற நரம்பு முனைகள் தோலில்தான் இருக்கின்றன. அதனால் "ஆஹா, கதகதப்பா இருக்கு" என்று தோன்றும். உண்மையில் வீட்டுக்குள் இருக்கிற சூட்டை அள்ளிக்கொண்டுபோய் வாசலில் கொட்டுகிற வேலை அது. போதாக்குறைக்கு நடுக்கத்தையும் ஆல்கஹால் குறைக்கிறது. நடுங்குவது உடம்பு சூடு உண்டாக்குகிற வேலை, அதையும் நிறுத்தினால்? ஜாக்கெட் போடணும், உள்ளே போகணும் என்று சொல்கிற புத்தியும் கூடவே மங்கிவிடும்.

பனியில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போகிற செயிண்ட் பெர்னார்ட் நாய், கழுத்தில் ஒரு குட்டி பிராந்திப் பீப்பாய் என்று படம் பார்த்திருப்பீர்கள். எட்வின் லேண்ட்சீர் என்ற ஆங்கில ஓவியர் பதின்ம வயதில், 1820இல், வரைந்த ஓர் ஓவியத்திலிருந்து பரவியது அது. ஆல்ப்ஸ் மடத்துத் துறவிகள் வளர்த்த நாய்கள் பனியில் ஆட்களைத் தேடிக் கண்டுபிடித்தது நிஜம். பீப்பாய் நிஜம் இல்லை.

ஆகவே குளிர்கால பீர் என்பது குளிரைப் போக்குகிற பீர் இல்லை. குளிரிலிருந்து தப்பித்து, ஹீட்டர் இருக்கிற அறைக்குள் வந்து, இனிமேல் வெளியே போகிற வேலை கிடையாது என்று ஆன பிறகு குடிக்கிற பீர். இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டாலே தேர்வு பாதி முடிந்துவிடும். தாகத்துக்குக் குடிக்கப் போவதில்லை, மடக் மடக் என்று உள்ளே தள்ளப் போவதுமில்லை. ஒரு கிளாஸ் ஒரு மணி நேரம் ஓட வேண்டும். ஐஸ் மாதிரி இல்லாமல், அறைச் சூட்டுக்குப் பக்கத்தில் வந்தாலும் ருசிக்க வேண்டும். அதற்கு பீரில் என்ன இருக்க வேண்டும்?

மால்ட் இருக்க வேண்டும். மால்ட் என்றால் பார்லியை ஊறவைத்து முளைகட்டி, பிறகு சூட்டில் காயவைத்தது. நம்ம வீட்டில் கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைப்பார்களே, அதே சமாச்சாரம்தான். லேசான சூட்டில் காயவைத்தால் வெளுத்த மால்ட். அதில் வருவது பொன்னிற லாகர். சூட்டைக் கூட்டினால் தோசை ஓரம் முறுகும்போது வருகிற மணம், ரொட்டி மேல்தோல் மணம், கேரமல் மணம் எல்லாம் வரும். இதற்கு மையார் வினை என்று பெயர். இன்னும் போய்க் கருக்கினால் காபி, கசப்புச் சாக்லேட். குளிர்ந்திருக்கும்போது இந்த மணங்கள் பீருக்குள்ளேயே பதுங்கிவிடும். பத்துப் பன்னிரண்டு டிகிரி வந்தால்தான் வெளியே எட்டிப்பார்க்கும். பெரியவர் ஜன்னல் ஓரத்தில் வைத்திருந்த காரணம் இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கறுப்பாக இருந்தால் ஸ்ட்ராங், கனமானது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கின்னஸ் டிராஃப்ட் கறுப்புதான், ஆல்கஹால் 4.2 சதவீதம் அளவில்தான். சாதாரண லாகரைவிடக் கம்மி. நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருவது, அவ்வளவே. இந்தப் பக்கம் சாமிக்லாஸ் போன்ற பீர் செம்பழுப்புதான், ஆனால் 14 சதவீதம். இன்னொரு குழப்பம் நம்ம ஊர் "ஸ்ட்ராங்". இந்தியாவில் ஐந்துக்கு மேல் எட்டு சதவீதம் வரை போவதை ஸ்ட்ராங் என்று வகைப்படுத்துகிறார்கள். எண்ணை மட்டும் பார்த்தால் ஜெர்மன் பாக் பீருக்குச் சமம். ஆனால் பெரும்பாலும் அரிசி, சர்க்கரை மாதிரியானவற்றால் ஆல்கஹாலை ஏற்றியிருப்பார்கள், மால்ட்டின் உடம்பு இருக்காது. அதை அறைச் சூட்டில் குடித்துப் பாருங்கள், ஏன் ஐஸில் முக்கிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஜெர்மன் பீர்களில் ஒரு வசதி, பல லேபிள்களில் ஸ்டாம்வூர்ட்ஸ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். புளிக்கவைப்பதற்கு முன்னால் அந்தக் கஷாயத்தில் மால்ட் சாரம் எத்தனை சதவீதம் இருந்தது என்பதுதான் அது. சாதாரண லாகருக்குப் பதினொன்று, பன்னிரண்டு. பாக் என்று பெயர் வைக்கப் பதினாறாவது இருக்க வேண்டும், டொப்பல்பாக் என்றால் பதினெட்டு. கடையில் பாட்டிலைத் திருப்பி நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

பாக் கதை சுவாரசியமானது. வட ஜெர்மனியில் ஐன்பெக் என்று ஒரு ஊர். அங்கே காய்ச்சிய பீருக்கு நல்ல பெயர். பவேரியாக்காரர்கள் வாயில் ஐன்பெக் திரிந்து "ஐன் பாக்" ஆனது. பாக் என்றால் ஜெர்மனில் ஆட்டுக்கிடா. அதனால்தான் இந்தப் பாட்டில்கள் மேல் கொம்போடு ஒரு கிடா நின்றுகொண்டு முறைக்கும். முனிச்சில் பவுலானர் துறவிகள் இதை இன்னும் கனமாக்கினார்கள். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் நோன்பு, திட உணவு கட்டுப்பாடு, ஆனால் பானத்துக்குத் தடை இல்லை. "திரவ ரொட்டி" என்று சொல்லிக் குடித்தார்கள். (2011இல் அமெரிக்காவின் அயோவாவில் ஒரு பத்திரிகை ஆசிரியர் நிஜமாகவே நோன்புக் காலம் முழுக்க, 46 நாள், டொப்பல்பாக்கும் தண்ணீரும் மட்டும் குடித்துப் பார்த்தார். பத்துக் கிலோவுக்கு மேல் இளைத்தார். தயவுசெய்து யாரும் முயற்சி செய்ய வேண்டாம்.) அந்தத் துறவிகளின் பீர்தான் சால்வாட்டர். மற்ற ஆலைகளும் அதே பெயரில் விற்க, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பவுலானர் அதை வணிகச் சின்னமாகப் பதிவுசெய்துவிட்டது. மற்றவர்கள் "ஆட்டர்" என்று முடிகிற பெயர்களைத் தேடிப் பிடித்தார்கள்: செலிபிரேட்டர், ஆனிமேட்டர், ஆப்டிமேட்டர். இன்றைக்கும் ஒரு பவேரிய பீர் பெயர் "ஆட்டர்" என்று முடிந்தால் டொப்பல்பாக் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

முதல்முறை வாங்குபவர்களுக்கு நான் சொல்வது ஐயிங்கர் செலிபிரேட்டர். 6.7 சதவீதம், கழுத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் ஆட்டுக்குட்டி தொங்கும். ரொட்டி, உலர்ந்த திராட்சை, லேசான காபி. இனிப்பாகத் தொடங்கி வறட்சியாக முடியும், திகட்டாது. சால்வாட்டர் 7.9, கொஞ்சம் தேன் போலப் படியும்.

பெரியவர் எனக்கு ஊற்றியது எங்கள் ஊர் ஷ்லென்கெர்லா ஆலையின் ஊர்பாக், 6.5 சதவீதம், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் கிடைக்கும். மால்ட்டை பீச் மரக்கட்டைப் புகையில் காயவைக்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லா மால்ட்டும் நெருப்பில் காய்ந்ததால் எல்லா பீரிலும் ஓரளவு புகை இருந்திருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் விட்டுவிட்டார்கள், பாம்பெர்க் விடவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஓக் மரப் புகையில் ஐஹே என்று ஒன்று, 8 சதவீதம். புகை இன்னும் மென்மை. என்னைக் கேட்டால் உலகத்திலேயே சிறந்த குளிர்கால பீர் இதுதான், ஆனால் நான் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டவன், என் பேச்சைக் கொஞ்சம் கழித்துக் கேளுங்கள். அடுப்பங்கரைப் புகை வாசனையில் வளர்ந்த நம்மவர்களுக்கு இது சீக்கிரம் பிடித்துவிடும் என்பது என் அனுபவம்.

குளிர்காலத்துக்கும் பீருக்கும் உறவு குடிப்பதில் தொடங்கவில்லை, காய்ச்சுவதில்தான் தொடங்கியது. குளிர்சாதனம் வராத காலத்தில் வெயில் நாளில் காய்ச்சினால் புளித்துக் கெட்டுப்போகும். பவேரியாவில் 1553இல் போட்ட உத்தரவுப்படி செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரைதான் காய்ச்சலாம். குளத்தில் உறைந்த ஐஸை வெட்டி நிலவறையில் அடுக்கி பீரைக் காப்பாற்றினார்கள். 1870களில் கார்ல் ஃபான் லிண்டே குளிரூட்டும் இயந்திரத்தை முனிச் பீர் ஆலைகளுக்குக் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் கட்டாயம் போனது. நம்ம ஊர் "சில்லுனு" பீர் அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளை.

அடுத்த பெரிய குடும்பம் ஸ்டவுட், போர்ட்டர். 18ஆம் நூற்றாண்டு லண்டன் ஆலைகள் கனமான ஸ்டவுட்டைக் கப்பலில் பால்டிக் துறைமுகங்களுக்கும் ரஷ்ய அரசவைக்கும் அனுப்பின. அதிலிருந்து வந்த பெயர் இம்பீரியல் ஸ்டவுட். வழியில் உறைந்துவிடக் கூடாது என்று ஆல்கஹாலைக் கூட்டினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5 சதவீத பீர் மைனஸ் இரண்டு, மூன்று டிகிரியில் உறையத் தொடங்கும். 10 சதவீதம் மைனஸ் நான்கு, ஐந்தில். வித்தியாசம் இரண்டு டிகிரிதான். ரஷ்யக் குளிருக்கு இரண்டு டிகிரி எந்த மூலைக்கு? கனமான பீருக்கு நல்ல விலை, நாள்பட்டாலும் கெடாது என்பதே போதுமான காரணம். அந்தக் கடலோர நாடுகள் தாங்களே காய்ச்ச ஆரம்பித்து, லாகர் ஈஸ்டில் புளிக்கவைத்தபோது பால்டிக் போர்ட்டர் பிறந்தது. பின்லாந்தின் சினெப்ரிகாஃப் போர்ட்டர் 7.2, போலந்தின் ஷிவியெட்ஸ் போர்ட்டர் 9.5. போலந்தில் ஜனவரி மூன்றாவது சனிக்கிழமையை பால்டிக் போர்ட்டர் தினமாகவே கொண்டாடுகிறார்கள். இந்த போர்ட்டர் பீர்களில் கருகல் கசப்பு கம்மி, கருப்பட்டி மாதிரி ஒரு ஆழமான இனிப்பு இருக்கும்.

இதே குடும்பத்தில் நம் பக்கத்து உறவு ஒன்று உண்டு. இலங்கையின் லயன் ஸ்டவுட். 1,800 மீட்டருக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில், இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்குகிற நுவரெலியாவில் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய ஆலையின் வாரிசு. இப்போது கொழும்புக்குப் பக்கத்தில் பியகமவில் காய்ச்சுகிறார்கள். ஏற்றுமதிப் பாட்டிலில் 8.8 சதவீதம். பீர் பற்றி எழுதியே உலகப்புகழ் பெற்ற மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, இங்கிலாந்து எழுத்தாளர்) இதைத் தேடிப்போய்க் குடித்து மெச்சி எழுதியதால் மேல்நாட்டுக் கடைகளிலும் தெரிந்த பெயரானது. வெப்பநாட்டு பீர் என்று நினைத்து ஐஸில் போடாதீர்கள். சாக்லேட், காபி, கொஞ்சம் வெல்லப்பாகு. ஜனவரி ராத்திரிக்கு நல்ல துணை.

பெல்ஜியம் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், இங்கே சுருக்கமாக. சிமே மடத்தின் நீல லேபிள் பீர், 9 சதவீதம், 1948இல் கிறிஸ்துமஸ் பீராகத் தொடங்கி, பிடித்துப்போனதால் வருடம் முழுக்கத் தங்கிவிட்டது. ரோஷ்ஃபோர் 10 என்பதில் 11.3 சதவீதம். அத்திப்பழம், பேரீச்சை, மிளகு. செயிண்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல் 10 சதவீதம், மசாலா வாசனை போல ஒன்று வரும். பெல்ஜிய ஈஸ்டுகளுக்கே அப்படி ஒரு வாசனை உண்டு. இந்த பீர்களில் மாட்டிக்கொள்வது எண்ணிக்கையில்தான். ரோஷ்ஃபோர் 330 மில்லி பாட்டிலில் சுமார் 29 கிராம் சுத்த ஆல்கஹால். சாதாரண அரை லிட்டர் லாகரில் 20 கிராம்கூட வராது. சின்ன பாட்டில்தானே என்று "இன்னொண்ணு" சொல்லும்போது மூன்று லாகர் கணக்கு ஆகியிருக்கும். என் நண்பன் அன்றைக்கு எண்ணியதும் பாட்டிலைத்தான், கிராமை இல்லை.

நார்வேயில் பழைய குலதிங் சட்டத்தில் ஒவ்வொரு குடியானவனும் கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சியே ஆக வேண்டும், தவறினால் தண்டம் என்றே இருந்தது. டென்மார்க்கில் இன்றைக்கு நவம்பர் முதல் வெள்ளி இரவு 8:59க்கு டுபோர்க் கிறிஸ்துமஸ் பீர் வெளியாகும், ஊரே தெருவில் நிற்கும். பீர் என்னவோ 5.6 சதவீதத்தில் சுமாரான ஒன்றுதான். கொண்டாட்டத்துக்காகப் போகலாம்.

எல்லாமே கறுப்பும் இனிப்பும் ஆகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டால், இல்லை. அமெரிக்காவின் சியரா நெவாடா 1981இலிருந்து செய்கிற செலிபிரேஷன் ஏல் செம்பொன் நிறம், நல்ல கசப்பு. ஹாப்ஸ் பூ அறுவடை இலையுதிர்காலத்தில் முடிகிறது. அந்த வருடத்துப் புது ஹாப்ஸைப் போட்டுச் செய்வதால் அது குளிர்கால பீர். எண்ணெய்ப் பதார்த்தத்தோடு இந்தக் கசப்பு நன்றாகப் போகும். டொப்பல்பாக்குக்கு வறுத்த இறைச்சி, பழைய சீஸ். இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு நான் வைத்துக்கொள்வது கடலைமிட்டாய். சிரிக்காதீர்கள், ஒருமுறை முயன்று பாருங்கள்.

பரிமாறுவது பற்றி இரண்டு வார்த்தை. ஃப்ரிட்ஜில் வைத்திருந்தால் குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். பெரிய குவளை வேண்டாம், ஒயின் கிளாஸ் போல வாய் குறுகியது நல்லது, பாதி வரை ஊற்றுங்கள். இருவர் ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொண்டால் இன்னும் நல்லது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. குடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டியதில்லை.

பால்கனியில் வைக்கிற வித்தையும் ஆபத்துதான். மைனஸ் எட்டில் ராத்திரி முழுக்க மறந்தால் பாட்டில் வெடிக்கும், எனக்கு வெடித்திருக்கிறது. ஆனால் இப்படி உறைவதையே ஒரு முறையாக்கியதுதான் ஐஸ்பாக். உறைவது முதலில் தண்ணீர்தான். அந்த ஐஸை எடுத்துவிட்டால் மீதி அடர்த்தியான பீர். குல்ம்பாக் ஊரில் ஒரு வேலைக்காரப் பையன் பீப்பாயை வெளியே மறந்துவிட்டதில் கண்டுபிடித்தார்கள் என்று கதை உண்டு; கதை எப்படியோ, ஷ்னைடர் ஆலையின் அவென்டினஸ் ஐஸ்பாக் 12 சதவீதம், கோதுமை மால்ட், பழுத்த வாழைப்பழமும் பிளம்ஸும் கலந்த வாசனை. சின்ன கிளாஸ் போதும்.

பீரைச் சூடாக்கியும் குடிக்கலாம். பெல்ஜியத்தில் லீஃப்மான்ஸ் செய்கிற குளூக்ரீக், செர்ரி பீரில் மசாலா சேர்த்தது, சூடாக்கிக் குடிப்பதற்கென்றே வருகிறது. இங்கே ஜெர்மனியில் இன்னொரு பழக்கம்: இரும்புக் கம்பியை நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, பாக் பீர் கிளாஸில் ஒரு நொடி முக்கி எடுப்பார்கள். மேலே இருக்கிற இனிப்பு கேரமலாகி, வெதுவெதுப்பான நுரை பொங்கி வரும், அடியில் பீர் குளிர்ச்சியாகவே இருக்கும். போன டிசம்பரில் கீழ்வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் நெருப்பு மூட்டி இதைச் செய்தார். நண்பனும் வந்திருந்தான், கையுறை போட்டுக்கொண்டு. ஆளுக்கு ஒன்று. அவனை அன்றைக்கு வீடு வரை கூடப் போய் விட்டுவிட்டு வந்தேன்.